பச்சை எம்.ஜி.யை ஓட்டியது யார்

டொக்டர் அத்தான், நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில், உங்கள் படத்தோடு, ஒரு முழுப் பக்கத்துக்கு, "நான் வென்ற கார்ப் பந்தயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எந்தப் பந்தயத்தையும் வெல்லவில்லை. அந்தப் பச்சைக் காரை ஓட்டியவர் உங்கள் மனைவி. நான் அக்கா என்று கூப்பிட்டவர். அவர் செத்துப் போய்விட்டார், இனிக் கேட்க ஆளில்லை என்று நினைத்துவிட்டீர்கள். நான் இருக்கிறேன். அன்றைக்கு வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியவள் நான்தான்.

மலரில் அக்காவைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது: "என் துணைவியாரும் வந்து உற்சாகப்படுத்தினார்." உற்சாகப்படுத்தினாராம்! கையில் பூச்செண்டோடு ஓரமாக நின்றவர் மாதிரி. இந்த மலரைப் படிக்கிற இளம் ஆட்களுக்கு அக்கா யார் என்றே தெரியாது. ஆகவே முதலில் அவரைப் பற்றிச் சொல்கிறேன். உங்களிடம் பிறகு வருகிறேன்.

நான் சிட்னிக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். ஹோம்புஷில் ஒரு செங்கல் கட்டடத்தில் சின்ன ஃபிளாட். பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கிற வேலை. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலையில், கட்டடத்துக்குப் பின்னால் யாரோ கோயில் மணி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். ஒரு பெண், சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சுத்தியலால் ஒரு காரின் சக்கரச் சில்லுக்கு அடித்துக்கொண்டிருந்தார். மேல்மாடியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி ஜன்னலைத் திறந்து, பொலிசைக் கூப்பிடுவேன் என்று கத்தினாள். இவர் நிமிர்ந்து பார்த்து, "கூப்பிடுங்கள், அவர்களும் இந்தக் காரைப் பார்க்கட்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மறுபடி அடித்தார்.

என் பொட்டைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"பிள்ளை, இஞ்சை வா. இந்த நட்டை எந்தப் பக்கம் அடிச்சால் கழரும், சொல்லு பாப்பம்."

என் பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. எங்கள் ஆட்களில் ஊர் கேட்காத ஒரு மனிதரை அன்றைக்குத்தான் முதலில் கண்டேன்.

நான் ஒரு பக்கத்தைக் காட்டினேன்.

"பிழை! இடப்பக்கச் சில்லுக்கு ஒரு திசை, வலப்பக்கச் சில்லுக்கு மற்றத் திசை. கார் ஓட ஓட நட் தானாய் இறுகும். இதைத் தெரியாமல் எத்தினை பேர் சில்லு கழண்டு விழுந்திருக்கினம் தெரியுமே?" என்று சொல்லிச் சுத்தியலை என் கையில் தந்தார். செப்புச் சுத்தியல். இரும்பால் அடித்தால் நட்டில் துருத்தி நிற்கிற காது நசுங்கிப் போகுமாம். நான் அடித்தேன். சில்லு கழன்று வந்தது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கிழவி மறுபடி ஜன்னலைத் திறந்தாள்.

அக்காவின் குணம் இதுதான்: காதில் ஒரு பிழை விழுந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. அதுவும் பிரிட்டிஷ் பந்தயக் கார்களைப் பற்றிய பிழை என்றால், செத்தவீடாக இருந்தாலும் எழுந்து நின்று திருத்துவார். பரமட்டாவில் ஒரு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்கு வேலை. அங்கே இரத்தத்தில் பிழை தேடுவார். வெளியே வந்தால் மனிதர்களின் வாயில் தேடுவார்.

அந்தக் கார் வந்த கதையே பெரிய கூத்து. அக்காவும் டொக்டரும் பழைய ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கத்தான் பிளாக்டவுனுக்குப் போனார்கள். விற்கிற கிழவன் வீட்டுப் பின்வளவில் கோழிக்கூடு. கூட்டுக்குள் ஒரு கார். கதிரையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. டொக்டர் ஃபிரிட்ஜைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டு நிற்க, அக்கா கூட்டுக்குள் போய்க் கோழியைத் தூக்கி மண்ணில் விட்டுவிட்டு, முட்டையை டொக்டரின் தொப்பிக்குள் வைத்துவிட்டு, "இது எம்.ஜி. டி.சி., பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். நான் இதை எடுக்கிறன்" என்று சொல்லிவிட்டார். ஃபிரிட்ஜ் காசு காருக்குப் போனது. வேறொரு வண்டியில் கயிறு கட்டி ஹோம்புஷ் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் கோடை முழுக்க அவர்களுடைய பாலும் தயிரும் மீனும் என் ஃபிரிட்ஜில்தான் இருந்தன. டொக்டர் காலையில் கோப்பையோடு வந்து கதவில் தட்டுவார்.

"தங்கச்சி, தேத்தண்ணிக்குக் கொஞ்சம் பால்."

"ஏன் அத்தான், காரிலை பால் கறக்கேலாதோ?"

இதை நான் எத்தனை தரம் கேட்டாலும் அக்கா பக்கத்து ஃபிளாட் குசினியில் இருந்து சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும்.

கார் எலும்பும் தோலுமாக இருந்தது. எலும்பு என்றால் மர எலும்பு. அந்தக் காரின் உடம்புச் சட்டம் மரம்தான், மேலே தகடு. அக்கா அதைப் பிரித்துத் தரையில் பரப்பினார். வாகனத் தரிப்பிடம் முழுக்க அந்தக் காராகவே கிடந்தது. கடும் பச்சை நிறம் வாங்கிப் பூசினார். பச்சைக் கார் தரித்திரம் என்று டொக்டரின் சிநேகிதர் ஒருவர் எங்கேயோ கேட்டுவிட்டு வந்து சொன்னார். விட்டாரா அக்கா? பிரிட்டனில் அந்தக் காலம் தெருவில் பந்தயம் ஓடத் தடை என்பதால் அயர்லாந்தில் ஓடினார்களாம், இடம் கொடுத்த அயர்லாந்துக்கு மரியாதையாகக் காருக்குப் பச்சை பூசினார்களாம், அதிலிருந்துதான் அந்த நிறமாம். "இடம் தந்தவனுக்கு மரியாதை செய்யிறது தரித்திரமே? நீங்கள் ஆரின்ரை வீட்டிலை இருந்து சாப்பிடுறியள் இப்ப?" என்று கேட்டார். அந்த மனிதர் சோற்றுக்குள் தலையைக் குனிந்துகொண்டார்.

எங்கள் ஆண்களுக்கு அவரைப் பிடிக்காது. நேராகவே சொல்கிறேன். விருந்துகளில் ஆண்கள் ஒரு பக்கம் கதிரை போட்டு இருந்து கார்க் கதை கதைப்பார்கள். பெண்கள் குசினியில். அக்கா கரண்டியும் சாம்பார் வாளியுமாகப் பரிமாற வருவார். வந்தால் அவ்வளவுதான்.

ஒருநாள் ஒரு எஞ்சினியர் சொன்னார், ஜாகுவார் கார் ஐம்பதுகளில் லெமான்ஸ் பந்தயத்தைத் தொடர்ந்து ஐந்து தரம் வென்றது என்று. பிரான்சில் இருபத்துநாலு மணித்தியாலம் விடாமல் ஓடுகிற பந்தயம் அது. அக்காவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"ஐந்து தரம் சரி. தொடர்ந்து எண்டது பிழை."

"தொடர்ந்துதான். எனக்குத் தெரியும்."

"ஐம்பத்தொண்டு, ஐம்பத்திமூண்டு, பிறகு ஐம்பத்தைந்து, ஆறு, ஏழு. ஐம்பத்திரண்டிலை அவையின்ரை ஒரு காரும் ஓட்டம் முடிக்கேல்லை. சூடாகி நிண்டு போச்சு. ஐம்பத்திநாலிலை இரண்டாவது. ஐம்பத்திமூண்டிலை ஏன் வெண்டது, அதைச் சொல்லும் பாப்பம்."

"இஞ்சின் பெரிசு."

"இல்லை. பிரேக். மற்றவை பழைய பிரேக்கோடை வளைவுக்கு வளைவு பயந்து பயந்து வர, இவை டிஸ்க் பிரேக் போட்டுக்கொண்டு வந்தவை. கடைசி நிமிசம் வரைக்கும் அமத்தாமல் வரலாம். நிக்கத் தெரிஞ்சவன்தான் வேகமாய் ஓடுவான். சாம்பார் விடட்டோ?"

அவர் சாம்பார் வேண்டாம் என்றார். அக்கா விட்டுவிட்டுத்தான் போனார்.

இன்னொரு கலியாண வீட்டில், மாப்பிள்ளையின் தமையன் தன் நண்பனுடைய ஸ்ப்ரைட் காரின் டிக்கியில் வைத்துச் சோற்று அண்டாவைக் கொண்டு வருகிறேன் என்று சபையில் வாக்குக் கொடுத்தார். தவளைக் கண் மாதிரி லைட் துருத்திக்கொண்டு நிற்குமே, அந்தக் கார். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அக்கா எழுந்துவிட்டார். "தம்பி, அந்தக் காருக்கு டிக்கி மூடியே இல்லை. சாமானைக் கதிரைக்குப் பின்னாலை நுழைச்சுத்தான் வைக்கவேணும். அண்டாவை எப்பிடி நுழைப்பீர்? அந்த லைட்டும் முதலிலை படுத்து எழும்புற மாதிரித்தான் யோசிச்சவை, காசு கூட எண்டு அப்பிடியே விட்டிட்டினம்." ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஐயரே, "அப்ப அண்டாவுக்கு என்ன வழி?" என்று கேட்டார்.

பரமட்டாப் பூங்காவில் ஒரு சுற்றுலா. அந்தக் காலம் லெமான்ஸில் கார்களைத் தெருவுக்கு ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, ஓட்டுகிறவர்கள் மற்றப் பக்கத்திலிருந்து ஓடி வந்து ஏறுவார்களாம். அக்கா சாப்பாட்டுத் தட்டுகளைப் புல்லின் ஒரு பக்கம் அடுக்கினார். டொக்டர்கள், கணக்காளர்கள், எஞ்சினியர்கள் எல்லாரையும் மறுபக்கம் வரிசையாக நிறுத்தினார். முதல் தட்டை எடுப்பவருக்கு மட்டும்தான் ஆட்டுக்கால். கையைத் தட்டினார். நான் என் வாழ்க்கையில் அப்படி ஒரு ஓட்டத்தைப் பார்க்கவில்லை. வேட்டி ஒன்று அவிழ்ந்தது. கண்ணாடி ஒன்று உடைந்தது. ஆட்டுக்காலை எடுத்தது ஒரு கணக்காளரின் மாமியார். பெண்கள் வரிசையிலிருந்து யாருக்கும் தெரியாமல் புறப்பட்டு வந்திருக்கிறார். "அவதான் பந்தயக்காரி!" என்று அக்கா அவரைத் தூக்கிச் சுற்றினார்.

இதெல்லாம் அவருக்கு எங்கிருந்து தெரியும் என்று கேட்பார்கள். இலங்கை மலைநாட்டில், நுவரெலியாவில், அவருடைய அப்பாவுக்குத் தேயிலைத் தோட்டக் கந்தோரில் எழுத்து வேலை. துரைமார் வாசித்து எறிந்த மோட்டார் சஞ்சிகைகள் வீட்டுக்கு வரும். வசந்த காலத்தில் மலைத் தெருவில் கார்கள் சீறிக்கொண்டு ஏறும் பந்தயம் நடக்கும். வேலியில் நின்று பார்ப்பாராம். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று யாரோ கேட்டதால் இன்னும் கூடப் படித்தாராம். இதற்கு மேல் அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த டி.சி.யில் ஒரு விசித்திரம் உண்டு. இதை எல்லாரும் கவனமாகப் படியுங்கள். அந்தக் காரில் இரண்டு பெரிய மீட்டர்கள். ஒன்று வேகத்தைக் காட்டும். மற்றது இஞ்சின் நிமிசத்துக்கு எத்தனை தரம் சுற்றுகிறது என்று காட்டும். ஓட்டுகிறவருக்கு நேர் முன்னால் இருப்பது இஞ்சின் மீட்டர். வேக மீட்டர் இடப்பக்கம், பக்கத்தில் இருப்பவரின் முகத்துக்கு நேரே.

"ஏன் அக்கா இப்பிடி மாத்திப் பூட்டியிருக்கு?"

"மாத்திப் பூட்டேல்லை, அப்பிடித்தான் செய்தவை. ஓட்டுறவளுக்கு இஞ்சின்ரை மூச்சுத் தெரிஞ்சால் காணும். வேகத்தைப் பாத்துப் பயப்பிடுறது பக்கத்திலை இருக்கிறவரின்ரை வேலை."

டொக்டர் அந்த வேலையை நன்றாகச் செய்தார். பரமட்டா வீதியில் போகும்போது, "நாப்பது மைல்! நாப்பத்திரண்டு! இஞ்சேரும், கொஞ்சம் மெள்ள!" என்று கத்திக்கொண்டே போவார். அந்தக் காரை அவர் ஒருநாளும் ஓட்டவில்லை. கியர் மாற்ற வராது. அவருடைய கார் தானாகக் கியர் போடுகிற பெரிய படகுக் கார்.

இனிப் பந்தயம்.

சிட்னிக்கு மேற்கே, யுத்த காலத்தில் கட்டிக் கைவிட்ட ஒரு விமானத் தளம். பழைய பந்தயக் கார்க் கழகம் ஒன்று அங்கே ஆஸ்பத்திரிக்கு நிதி சேர்க்க ஓட்டம் வைத்தது. ஒவ்வொரு காரிலும் இரண்டு பேர் இருக்கவேண்டும். மெதுவான கார்களை முதலில் விடுவார்கள், வேகமானவற்றைப் பிறகு. யார் முதலில் முடிவுக் கோட்டைத் தாண்டுகிறாரோ அவருக்கு வெற்றி. விதி இன்னொன்றும் இருந்தது: பெண்கள் பக்கத்தில் இருக்கலாம், ஓட்டக் கூடாது.

அக்கா விதியை வாசித்தார். ஓட்டுநராகக் கணவரின் பெயரைப் பதிவு செய்தார். என்னிடம் வந்து, "பிள்ளை, உன்ரை தொழிற்சாலை வெள்ளை ஓவரோல் இரண்டு வேணும்" என்றார். எனக்கு விளங்கிவிட்டது.

அன்று காலை கழிவறைக் கொட்டகைக்குப் பின்னால் வைத்து அவர்களுக்கு நான்தான் உடுப்பு மாட்டினேன். இரண்டு பேரும் ஒரே உயரம். அக்காவின் கொண்டைக்கு மேல் ஹெல்மெட் இறங்கவில்லை. கொண்டையை அவிழ்த்துப் பின்னி, பின்னலை முதுகுக்குள் திணித்தேன். முகத்தில் கண்ணாடி, வாயில் துணி. டொக்டருக்கும் அதே. மீசை தெரியக் கூடாது என்று துணியை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

"இஞ்சேரும், கண்டுபிடிச்சால்?" என்றார் டொக்டர். துணியை இன்னும் மேலே இழுத்துவிட்டார்.

"அவைக்கு நாங்கள் முகம் திறந்து நிண்டாலே ஆர் ஆர் எண்டு தெரியாது. நீங்கள் ஏறுங்கோ. ஒரு வேலைதான் உங்களுக்கு. வேகத்தை மட்டும் சொல்லுங்கோ."

மெல்பேர்னிலிருந்து ஒரு வக்கீல் ஜாகுவார் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கண்ணாடி மாதிரி மினுங்கியது. எங்கள் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது ஓடுகிறதா, தள்ளவேண்டுமா?" என்று கேட்டார். துணிக்குள் அக்காவின் கன்னம் துடிப்பது எனக்குத் தெரிந்தது. ஐம்பத்திரண்டைப் பற்றிக் கேட்கப் போகிறார்! வாய் திறந்தால் பெண் குரல் வந்துவிடும். நான் அவருடைய காலை மிதித்தேன். அந்த ஒரு பதிலை விழுங்கினது பந்தயத்தை விடக் கஷ்டம் என்று பிறகு சொன்னார்.

எங்கள் காரைத்தான் முதலில் விட்டார்கள். கொடி விழுந்ததும் கார் கோழி மாதிரி ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு ஓடியது. பிறகு ஸ்ப்ரைட், ட்ரையம்ப், ஹீலி என்று ஒவ்வொன்றாக. கடைசியில் ஜாகுவார். அது போன போக்கில் என் தலைத்துணி பறந்தது.

ஒவ்வொரு சுற்றிலும் அவர்கள் நெருங்கினார்கள். நேர்ப் பாதையில் எங்கள் காரை விழுங்க வருவார்கள். வளைவில் அக்கா தப்பிவிடுவார். அந்த ஒல்லிச் சில்லுகள் பக்கவாட்டில் வழுக்குகின்றன, கார் நடுங்குகிறது, டொக்டரின் இரண்டு கையும் கதவைப் பிடித்திருக்கின்றன, அக்காவின் முழங்கை மட்டும் வெளியே நீட்டி ஆடுகிறது. காற்றைக் குறைக்க முன்கண்ணாடியை மடித்துப் போட்டிருந்தார். பூச்சியெல்லாம் நேரே முகத்துக்கு. நான் வேலியைப் பிடித்துக் குதிக்கிறேன். "அடியுங்கோ அக்கா! அடியுங்கோ!" என்று கத்துகிறேன். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரன், ஒரு சொல்லும் விளங்காமல், "அடியுங்கோ! அடியுங்கோ!" என்று என்னோடு சேர்ந்து கத்துகிறான்.

கடைசிச் சுற்று. ஜாகுவார் மட்டும் பின்னால். நேர்ப் பாதையில் வந்துவிட்டது. மூக்கு எங்கள் பின்சில்லுக்குப் பக்கத்தில். முடிவுக் கோட்டுக்கு முன்னால் ஒரு வளைவு. ஜாகுவார்க்காரன் பிரேக்கை அமத்தினான். அக்கா அமத்தவில்லை. இன்னும் அமத்தவில்லை. செத்தோம் என்று நினைத்தேன். பிறகு ஒரே அமத்து, ஒரு கியர், கார் தட்டாமாலை சுற்றுகிற பிள்ளை மாதிரி திரும்பி, வைக்கோல் கட்டு ஒன்றை இடப்பக்கத்தால் உரசிக்கொண்டு, கோட்டைத் தாண்டியது. நிக்கத் தெரிந்தவன்தான் வேகமாய் ஓடுவான் என்று சொன்னவர் எல்லாரிலும் கடைசியாகப் பிரேக்கை அமத்தினார்.

அடுத்த ஐந்து நிமிசம்தான் உங்களுக்கு வேண்டிய படம் கிடைத்த நேரம், அத்தான். இஞ்சின் ஆவி கக்கியது; யார் எந்தப் பக்கத்தால் இறங்கினார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இறங்கி ஓடிப் போய் மூடியைத் திறந்தார். உங்கள் பக்கக் கதவு வைக்கோல் உரசியதில் இறுகிவிட்டது. நீங்கள் வலப்பக்கத்தால் இறங்கப் பார்த்து, ஓட்டுகிற கதிரைக்கு நகர்ந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டீர்கள். கமராக்காரன் வந்தான். மலரில் இருப்பது அந்தப் படம். வீரப் புன்னகை என்று போட்டிருக்கிறீர்கள். அது வாந்தி வருகிற முகம். நான் பக்கத்தில் வாளியோடு நின்றேன்.

பரிசு கொடுக்கும்போது கழகத் தலைவர் ஒலிபெருக்கியில் சொன்னார்: "ஆஸ்திரேலியாவில் பெரிய பந்தயம் எதையும் வென்றிராத இந்த வகைச் சின்னக் கார் இன்றைக்கு..."

"ரோங்!" என்று ஆங்கிலத்தில் ஒரு குரல்.

எல்லாரும் திரும்பினார்கள். அக்கா கை முழுக்க எண்ணெயோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனார். சொல்லப் போகிறார், இதோ சொல்லப் போகிறார்! ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றார்.

"நாற்பத்தேழாம் ஆண்டு. பாதர்ஸ்ட். ஆஸ்திரேலிய கிராண்ட் ப்ரீ. வென்றது எம்.ஜி. டி.சி. இதே மாதிரிச் சின்னக் கார், இதே மாதிரி முன்னால் விட்டு, பெரிய கார்களெல்லாம் துரத்தத் துரத்த வென்றது. திருத்திச் சொல்லுங்கள்."

தலைவர் சிரித்துக்கொண்டு திருத்திச் சொன்னார். கூட்டம் கை தட்டியது. பரிசாகப் பலகையில் பதித்த செப்புச் சுத்தியலை, "எங்கள் ஓட்டுநர் டொக்டருக்கு" என்று உங்கள் கையில் தந்தார். அக்கா எல்லாரிலும் கூடக் கை தட்டினார். ஊர்ப் பிழையெல்லாம் திருத்துகிற மனுசி, அந்தப் பிழையை மட்டும் விட்டுவிட்டார்.

நீங்கள் அந்தக் காரில் இனி ஏறமாட்டேன் என்று சொல்லி, சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு பிளாக்டவுனில் ரயிலேறிப் போனீர்கள். ஆகவே திரும்பி வரும்போது இடப்பக்கக் கதிரையில் இருந்தது நான்.

"ஏன் அக்கா சொல்லேல்லை?"

"என்னத்தை?"

"ஓட்டினது நீங்கள் எண்டு."

"சொன்னால் விதி மீறின கார் எண்டு வெட்டிப் போடுவினம். ஜாகுவார் வெண்டது எண்டு எழுதுவினம். அது பிழையெல்லோ? இந்தக் கார்தானே வெண்டது."

"அப்ப நீங்கள்?"

கியர் மாற்றினார். பிறகு சிரித்தார்.

"அந்தக் கழகம் இருக்கும் மட்டும் வாயை மூடிக்கொண்டிரு. அதுக்குப் பிறகு நீ கத்து. உனக்குத்தான் நல்லாய்க் கத்த வருதே. இப்ப என்ன வேகம், பாத்துச் சொல்லு."

எனக்கு நேர் முன்னால் முள் ஆடியது. "ஐம்பத்தைந்து!"

"கேக்கேல்லை!"

"ஐம்பத்தைந்து அக்கா! அறுபது!"

சிட்னி வரைக்கும் கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தோம்.

அந்தக் கழகம் கலைந்து கனகாலம். அந்த விமானத் தளத்தில் இப்போது வீடுகள். இனி யாரும் அந்தக் காரின் வெற்றியை வெட்ட முடியாது. அக்கா உயிரோடு இருக்கும் வரைக்கும் நீங்களும் ஒழுங்காக இருந்தீர்கள், அத்தான். வீட்டுக்கு வந்தவர்களிடம் நீங்களே, "நான் மீட்டர் வாசிச்சனான், இவதான் பறந்தவ" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். எனக்கு உங்களைப் பிடித்திருந்ததே அதனால்தான். அவர் போனதும் கதிரை மாறிவிட்டீர்கள்.

ஆனால் உங்கள் கட்டுரையில் ஒரு வரி உண்மை. அதை நான் பென்சிலால் கீறி வைத்திருக்கிறேன். "எனக்கு நேர் முன்னால் இருந்த வேக மீட்டரின் முள் எழுபதைத் தாண்டியதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஓம், சரிதான். உங்களுக்கு நேர் முன்னால்தான் இருந்தது.

வருகிற பொதுக்கூட்டத்தன்று அந்தக் காரை மண்டப வாசலில் காட்சிக்கு வைக்கப் போகிறீர்களாம். கொண்டுவாருங்கள். சனமெல்லாம் சுற்றி நிற்க, ஓட்டுகிற கதிரையில் ஏறி உட்காருங்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு கதவடியில் நிற்பேன். உங்களுக்கு நேர் முன்னால் இருக்கிற மீட்டர் எதைக் காட்டுகிறது என்று எல்லாருக்கும் கேட்க வாசியுங்கள். வாசித்த பிறகு, அதே மைக்கில், அன்றைக்கு எந்தக் கதிரையில் இருந்தீர்கள் என்று சொல்லுங்கள்.